நிருபன் தந்த ஹெல்மெட்

“எனக்குப் புது ஹெல்மெட் வாங்கித் தாங்கோ.”

இதைத்தான் கேட்கக் கூடாது என்று கலியாணம் முடிந்த மூன்றாம் நாளே மாமி சொல்லியிருந்தார். “பிள்ளை, நகை கேள், சீலை கேள். அந்த ஹெல்மெட்டை மாத்தச் சொல்லி மட்டும் நிருபனிட்டக் கேளாதை.” ஏன் என்றேன். குசினிக்குள் போய்விட்டார்.

நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை பிற்பகல் 2.45க்கு, அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில், பைக்கை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டிருந்த என் கணவரிடம் கேட்டேவிட்டேன். நிருபன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இதையே போடும்.”

இனி எழுதப் போவது முழுக்க நடந்தது. எங்கள் வீட்டில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மேசன் வேலை செய்து படிப்பித்தவர். படித்தது இரசாயனம். பேய் என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிறவள். அதனால்தான் நேரங்களையும் குறித்து வைத்திருக்கிறேன். நம்ப ஏலாவிட்டால் விடுங்கள், எனக்கு அதில் நட்டமில்லை.

அது மெரூன் நிற ஹெல்மெட். பின்பக்கம் பாதி கிழிந்த பூ ஸ்டிக்கர். எந்த வெயிலிலும் அதன் வார் ஈரமாக இருக்கும். உள்ளே ஆற்றுச் சேற்று மணம். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தேன். விடிந்தால் மறுபடி ஈரம்.

பயணத் திட்டம் அவருடையது. பைக்கில் கிண்ணியா தாண்டிப் போய், அங்கே கடலோடு கலக்கிற ஆற்றில் படகுச் சவாரி, ஆற்றங்கரை ஹோட்டலில் ஓர் இரவு. கலியாணத்துக்குப் பிறகு முதல் பயணம். ஆசைப்பட்டுத்தான் ஏறினேன். அதையும் சொல்ல வேண்டும்.

3.20. கிண்ணியாப் பாலம் கடந்ததும் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி மறித்தார்.

“மூணு பேர் போக ஏலாது.”

“ரெண்டு பேர்தானே சேர்,” என்றார் நிருபன்.

அவர் பைக்கைச் சுற்றி வந்தார். என்னைப் பார்த்தார். “இந்த நோனா நடுவுல. பின்னால இருந்த மற்றப் பொம்பிள எங்க?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. லைசன்சைக்கூடக் கேட்காமல் போகச் சொன்னார். நிருபனின் கழுத்து வியர்த்து வழிந்தது.

பைக்கை ஹோட்டல் முற்றத்தில் விட்டுவிட்டு, 4.50க்குத் துறைக்கு நடந்து வந்தோம். ஹெல்மெட்டைப் பைக்கில் விட்டால் களவு போகும். எங்கள் பக்கத்தில் எல்லாரும் கையோடுதான் கொண்டு திரிவோம். நானும் கொண்டு போனேன். படகுக்காரர் நஸ்ரி வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்த மனிதர். அதைக் கண்டதும் கதையை நிறுத்தினார்.

“புள்ள, அதக் கரையில வெச்சிட்டு வாங்க. நான் ஆள் வெச்சிப் பாத்துக்கிறன்.”

“வேண்டாம்,” என்றார் நிருபன், எனக்கு முந்தி.

ஏறி இருந்தோம். படகு இடப்பக்கம் சரிந்தது. “நடுவுக்கு வாங்க,” என்றார் நஸ்ரி. வந்தோம். அப்போதும் இடப்பக்கம் சரிந்தே நின்றது.

அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.

5.35. தூறல் விழுந்தது. “நனையாமல் போடும்,” என்றார் நிருபன். போட்டேன். வாரைப் பூட்டினேன்.

நஸ்ரி எஞ்சினை நிறுத்தினார். “கழட்டுங்க புள்ள.”

பூட்டு வரவில்லை. இழுத்தேன். வார் தொண்டையை இறுக்கியது.

வலது காதுக்குள்... புளக்... புளக்... போத்தலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் வருமே, அந்தச் சத்தம்.

மழை வெறும் தூறல்தான். என் உதட்டில் உப்புத் தண்ணீர்.

மூக்குக்கு வந்தது.

கத்த ஏலாது. நிருபனின் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெறுமையாய்க் கிடந்த இடப்பக்கத்தைப் பார்த்து, மெல்லச் சொன்னார்:

“இவ போட்டிட்டாதானே... விடும்.”

என்னோடு கதைக்கிற அதே மரியாதையில்.

5.41. நஸ்ரி மீன் வெட்டும் கத்தியால் வாரை அறுத்தார். ஹெல்மெட்டைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார். கல்லைப்போல் தாழ்ந்தது.

படகு நிமிர்ந்தது.

ஹோட்டலுக்கு நானும் நிருபனும் நடந்தோம். 7.10. முற்றத்தில் எங்கள் பைக். வலது கண்ணாடியில் ஹெல்மெட் தொங்கியது.

பூ ஸ்டிக்கர். அறுபடாத வார்.

தட்... தட்... சீமெந்தில் தண்ணீர் சொட்டியது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். “இது ஆருடைய ஹெல்மெட்?”

கட்டிலில் குனிந்து இருந்தார். “மூண்டு தரம் எறிஞ்சிட்டன். திரும்பி வரும். ஆரும் போட்டால்தான் பேசாமல் இருக்கும்.”

“அதுக்குத்தான் என்னைக் கட்டினீங்களோ?”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். பட்டம், சம்பளம், வாய் எல்லாம் இருந்தும் அந்த ஒரு கேள்விக்குமேல் கேட்க எனக்குப் பலம் வரவில்லை. விடியும்வரை கதிரையில் இருந்தேன். அறைக்குள் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே மட்டும்... தட்... தட்...

காலை 6.15க்குத் துறைக்குப் போனேன். நஸ்ரி படகு கழுவிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு முன் சொன்னார்.

“ரெண்டு வருசத்துக்கு முந்தி, புள்ள. எழுத்து முடிச்ச சோடி. கலியாணத்துக்கு நாள் வெச்சிட்டு சுத்திப் பாக்க வந்தவங்க. சிவாஜினி எண்டு பேர். மழைக்கு ஹெல்மெட்டப் போட்டுப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கா. வேற ஆளுட படகு. சரிஞ்சிட்டு. அதுக்குள்ள தண்ணி நிரம்பினா தலைய மேல எடுக்க ஏலுமா?”

எழுத்து முடித்தால் சட்டப்படி மனைவி. என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

“அவவோட வந்தவர்?”

“நேத்து ஒங்களோட வந்தவர்தான். அப்ப தாடி வெச்சிருந்தார், நேத்து ஆள மட்டுக்கட்ட ஏலாமப் போச்சு. கழட்ட வராம நான்தான் அண்டைக்கும் வார அறுத்தன். இதே கத்தி.”

“பிறகு அந்த ஹெல்மெட்டை இவர் எடுத்தவரோ?”

நஸ்ரி கையிலிருந்த வாளியை வைத்தார்.

“எப்பிடி எடுக்கிற? தகப்பன் விடல்ல. அவவோடயே வெச்சு எரிச்சிட்டாங்க. நான் செத்த வீட்டுக்குப் போனவன். எரியக் கண்டவன்.”

7.05. அறைக்கு வந்து பையைத் தூக்கினேன். முடிவு அப்போது எடுத்ததல்ல. ‘விடும்’ என்றாரே, அங்கேயே எடுத்தாயிற்று.

நிருபன் பைக்கில் ஏறி, எஞ்சினை ஓடவிட்டு, முன்னே பார்த்தபடி இருந்தார். “ஏறும், போவம்.”

கண்ணாடியில் ஹெல்மெட் இல்லை.

நான் பத்தடி தள்ளிப் பையோடு நின்றேன்.

பைக்கின் பின்பக்கம், ஆள் ஏறினால் அமுங்குகிற மாதிரி, மெல்ல அமுங்கியது.

இறங்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். யாரை?

“வடிவாப் பிடிச்சிட்டீரோ?” என்று திரும்பாமல் கேட்டார்.

நான் கேற்றுக்கு வெளியே வந்துவிட்டிருந்தேன்.