திறக்கக் கூடாத டின்

நான் ஆசிரியையாக நியமனம் பெறுவதற்கு முந்தின வருடம் நடந்தது இது. அப்போது கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி படித்துக்கொண்டிருந்தேன். கற்பித்தல் பயிற்சிக்காக என்னையும் என்னோடு படித்த இன்னொரு பிள்ளையையும், கல்முனையிலிருந்து நாவிதன்வெளிப் பக்கம் போகும் வழியில், வயலை ஒட்டியிருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நாலாம் தரத்தில் இரண்டு வகுப்பு. ஒன்று எனக்கு, மற்றது அவளுக்கு. நடுவில் சுவர் கிடையாது, ஆள் உயரப் பலகைத் தட்டி ஒன்றுதான். அந்த வகுப்பில் ஒருவர் தும்மினால் இந்த வகுப்பில் கேட்கும். என்னைப் பிடித்த சனியன் அந்தத் தட்டி வழியாகத்தான் வந்தது.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாப்பாவுக்குக் கல்முனை பசாரில் சின்னப் புடவைக்கடை. சின்ன வயதிலிருந்தே படிப்பில் நான்தான் முதலாவது. கல்லூரியிலும் என் பாடக்குறிப்புப் புத்தகத்தை வாங்கி மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். எழுத்து முத்து முத்தாக இருக்கும், படங்கள் கடையில் வாங்கியவை போல இருக்கும். என் கூட்டாளியோ சொறிக்கல்முனைப் பக்கத்து வேளாண்மைக் குடும்பம். அவள் வரைகிற மாடு ஆடு மாதிரி இருக்கும். அவளுக்கு நான்தான் பல தடவை படம் கீறிக் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு சந்தோசமும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

எங்கள் விரிவுரையாளர் விஞ்ஞானம் படிப்பிப்பது பற்றி ஒரே விசயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார். விடையை நீங்கள் சொல்லாதீர்கள், பிள்ளைகள் கேள்வி கேட்டு, செய்து பார்த்து, தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும் என்பார். நான் அதைச் சிவப்புப் பேனையால் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன். அடிக்கோடு போட்டதோடு சரி.

பயிற்சி முடிவில் எங்களில் ஒருவர் கல்லூரி மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் போய்ப் பாடங்களைப் பார்த்து ஆளைத் தெரிவு செய்யப்போவது அந்த விரிவுரையாளர்தான். கடைசியாகப் பார்க்க இருந்தது எங்கள் இருவரையும். அந்த இடம் எனக்கு என்று நானே முடிவு செய்து வீட்டிலும் சொல்லிவிட்டேன். வாப்பா அதைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

முதலில் என் பாடத்தைப் பார்க்க வந்தார். தலைப்பு, விதை முளைக்க என்ன வேண்டும் என்பது. நான் இரண்டு நாளைக்கு முன்பே வீட்டில் பயற்றை முளைக்க வைத்துக் கொண்டு போயிருந்தேன். வகுப்பில் காய்ந்த பயற்றை யோகட் கோப்பையில் போட்டுத் தண்ணீர் தெளித்துக் காட்டினேன். பிறகு மேசைக்கு அடியிலிருந்து, முளைத்த பயறு இருந்த கோப்பையை எடுத்து, இரண்டு நாளில் இப்படி ஆகும் என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். நீர், வளி, வெப்பம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். என் பெரிய வரைபடத்தைப் பார்த்து அதிபரே நின்றுவிட்டார்.

"பாடம் நேர்த்தி. பிள்ளைகள் என்ன கேள்வி கேட்டாங்க?" என்றார் விரிவுரையாளர்.

"எல்லாருக்கும் நல்லா விளங்கிட்டு சேர், அதனால ஒண்டும் கேக்கல்ல" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். அந்தச் சிரிப்பு எனக்கு அன்று முழுக்கச் செமிக்கவில்லை.

அடுத்த கிழமை தட்டிக்கு அப்பாலிருந்து சத்தம் தொடங்கியது. அவளும் அதே தலைப்பைத்தான் எடுத்திருந்தாள். விதை முளைக்க வெளிச்சம் வேண்டுமா என்று யாரோ கேட்க, வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை. செடிக்கு வெயில் வேண்டுமென்றால் விதைக்கும் வேண்டும்தானே என்றது ஒரு கூட்டம். ஒரு சிறுமியின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"எங்கட வாப்பா விதநெல்ல ஊறப்போட்டு, சாக்கில கட்டி மூடி வெச்சித்தானே முளைக்க வெக்கிற. சாக்குக்குள்ள என்ன வெளிச்சமா இரிக்கி?"

நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். என் கூட்டாளி விடை சொல்லவே இல்லை. "அப்ப, ஆர் சொல்ற சரி எண்டு எப்படிப் பாப்பம்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு பிள்ளைகளே திட்டம் போட்டார்கள். ஒரு கோப்பை வெயிலில், ஒன்று நிழலில், ஒன்று தண்ணீர் இல்லாமல், ஒன்று மூடிய பிஸ்கட் டின்னுக்குள். மற்றக் கோப்பைகளைத் தினமும் பார்க்கலாம், டின்னைத் திறந்தால் உள்ளே வெளிச்சம் போய்விடும், ஆகவே வெள்ளிக்கிழமைதான் திறப்பது என்று சட்டமும் போட்டார்கள்.

இதற்குள் என் வகுப்புப் பிள்ளைகளின் கழுத்தெல்லாம் தட்டிப் பக்கம் திரும்பிவிட்டது. ஒருவன் எழும்பி மெல்லக் கேட்டான்.

"டீச்சர், நாங்களும் அந்த வகுப்புக்குப் போகலாமா?"

வயிறு எரிந்தது என்றால் சும்மா சொல்லுகிற சொல் இல்லை, உண்மையாகவே எரிந்தது. மாடு கீறத் தெரியாதவளுக்கு இது எப்படி வந்தது? படிப்பித்த பாடத்துக்குக் கைதட்டல் வாங்கினவள் நான். படிப்பிக்காமல் நிற்கிறவளிடம் போக என் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். வெள்ளிக்கிழமை அவளுடைய பாடத்தைப் பார்க்க விரிவுரையாளர் வருவார், அவர் முன்னால் டின் திறக்கும், பயறு முளைத்திருக்கும், மண்டபம் அவளுக்குப் போய்விடும். வாப்பா கடையில் என்ன சொல்லுவார்?

செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடவேளையில்தான் அவர்கள் பஞ்சை நனைத்துப் பயறு போட்டு வைத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் கையொப்பம் வைக்க அலுவலகத்துக்குப் போனாள். நான் ஒரு புது வரைபடத்துக்குத் தண்ணீர்த் துளிகள் கீறி நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். அவள் அங்கே அதிபரோடு கதைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. தட்டியைச் சுற்றிப் போனேன். டின்னின் மேல் கோணல் எழுத்தில் "திறக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருந்தது.

திறந்தேன். பஞ்சைப் பிழிந்து, பயற்றைத் துடைத்து, இரண்டையும் யன்னல் திண்டில் வெயிலில் போட்டேன். சித்திரை வெயிலுக்கு அந்தத் துண்டுப் பஞ்சு காய எவ்வளவு நேரம் எடுக்கும்? அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் பழையபடி வைத்து மூடிவிட்டேன். மூடிவிட்டுத் திரும்பினால், விதைநெல் கதை சொன்ன அதே சிறுமி, மறந்துபோன தண்ணீர்ப் போத்தலை எடுக்க வந்து நிற்கிறாள். "டீச்சர் இன்னம் போகல்லயா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போத்தலோடு ஓடிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. விரிவுரையாளர் கடைசி வாங்குப் பலகையில் இருந்தார். கூடப் பயில்கிறவர் பாடத்தைப் பார்க்க வேண்டும் என்பதால் நானும் அவர் பக்கத்தில் இருந்தேன். வெயிலிலும் நிழலிலும் வைத்த பயறுகள் வால் விட்டிருந்தன. தண்ணீர் இல்லாதது அப்படியே கிடந்தது. பிறகு டின்னைத் திறந்தார்கள். பயறு கல்லுப் போலக் கிடந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் குளிர்ச்சிதான்.

என் கூட்டாளியின் முகம் ஒரு கணம் வாடியது. பஞ்சைத் தூக்கிப் பார்த்தாள், பெருவிரலால் ஒரு பக்கத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு பிள்ளைகளிடம் திரும்பி, "ஏன் முளைக்கல்ல?" என்று கேட்டாள்.

இருட்டுத்தான் காரணம் என்று ஒரு கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தச் சிறுமி விடவில்லை. டின்னை வாங்கிக் கவிழ்த்து, மூடியின் உட்பக்கத்தைத் தடவினாள்.

"டீச்சர், எங்கட சோத்துப் பெட்டிய மூடி வெச்சா மூடியில தண்ணி நிக்கிறதானே. இதில ஒரு சொட்டும் இல்ல. மூடின டின்னில தண்ணி எப்படிக் காயும்? வெயில்ல வெச்ச கோப்பையே ஈரமா இரிக்கி."

அதற்கு வேறொரு பிள்ளை, வெயில் கோப்பைக்குத் தினமும் தண்ணீர் விட்டோமே என்றது. சரி, நிழல் கோப்பைக்கு நேற்று விடவில்லையே, அது ஈரமாகத்தானே இருக்கிறது என்றாள் இவள். ஒவ்வொரு சாத்தியமாக எடுத்து, பார்த்து, தள்ளிவிட்டு, கடைசியில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். யாரோ டின்னைத் திறந்திருக்கிறார்கள். விரிவுரையாளர் வாங்கின் நுனிக்கு வந்துவிட்டார். கெடுவான் கேடு நினைப்பான் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான்.

"செவ்வாய்க்கிழமை கடைசியா அந்த டீச்சர்தான் இங்க நிண்ட" என்று என்னைக் காட்டினாள் சிறுமி. "அவங்க கண்டிருப்பாங்க. அவங்களிட்டக் கேப்பமா?"

குற்றம் சாட்டவில்லை, சாட்சிக்குத்தான் கூப்பிட்டாள். முப்பது முகமும் என் பக்கம் திரும்பின.

"நான் ஒண்டும் காணல்ல" என்றேன்.

அவள் அதைத் தன் அவதானிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். என் கூட்டாளி இடையில் புகுந்து, ஆளைத் தேட வேண்டாம், உண்மையை எப்படித் தேடலாம் என்று யோசியுங்கள் என்றாள். மறுபடி செய்து பார்ப்போம் என்று பிள்ளைகள் கத்தினார்கள். பாடம் முடிந்ததும் விரிவுரையாளர் அவளிடம், இந்தப் பாடத்தைத்தான் மண்டபத்தில் காட்ட வேண்டும் என்றார். முளைத்திருந்தால் அது ஒரு சாதாரண நல்ல பாடமாகப் போயிருக்கும். நான் பிழிந்துவிட்டதனால்தான் அது அப்படி ஒரு பாடம் ஆனது. என் கையாலேயே அவளுக்கு மாலை போட்டிருக்கிறேன்.

பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அவள் தன் கைப்பையிலிருந்து அந்தப் பஞ்சை எடுத்துக் காட்டினாள். ஓரத்தில் நீலச் சாயம், ஒரு விரல் நுனி அளவு.

"தெரிஞ்சிக்கிட்டே ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நான் விடைய சொன்னா மறுகா அவங்க என்னத்தத் தேடுற புள்ள?" என்றாள். கோபமாகச் சொன்னாளா பகிடியாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

திங்கட்கிழமை போனபோது அந்தக் கொப்பித் தாளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எல்லா அவதானிப்புக்கும் கீழே, "கடைசியாக நின்ற டீச்சரைக் கேட்டோம். அவர் ஒன்றும் காணவில்லை" என்று இருந்தது. பத்து வயதுகூட ஆகாத பிள்ளைகள் உண்மை தேடிச் சேர்த்த தாளில் ஒரே ஒரு பொய், அது என்னுடையது. அதைப் பார்த்துக்கொண்டு அடுத்த பக்கத்தில் நின்று படிப்பிக்க என்னால் முடியவில்லை. என் கூட்டாளியிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். பிள்ளைகள் முன்னால் நின்று, டின்னைத் திறந்து பஞ்சைப் பிழிந்தது நான்தான், காணவில்லை என்று சொன்னதும் பொய் என்றேன்.

அந்தச் சிறுமி கையை உயர்த்தினாள். "ஏன் டீச்சர்?"

கேள்வி கேட்கப் பழகிய வகுப்பு, விடுமா? நான் உண்மையைச் சொன்னேன். "உங்கட டீச்சரப் போல எனக்குப் படிப்பிக்கத் தெரியல்ல எண்டு பொறாமை, மகள்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த வரியை வெட்டி, பக்கத்தில் ஏதோ எழுதினாள். எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்து, "அப்ப தண்ணி இல்லாமத்தான் முளைக்கல்ல, இருட்டால இல்ல. நான் சொன்னது சரி!" என்று துள்ளினாள். நான் அழுதுகொண்டு நிற்கிறேன், அவளுக்கு அவளுடைய முடிவு கிடைத்த சந்தோசம். விரிவுரையாளரிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர் என் புள்ளியைக் குறைத்தார். அது நியாயம்தான்.

மண்டபத்தில் மாதிரிப் பாடம் நடந்த அன்று, வைக்கிற இரண்டு டின்களில் ஒன்று வேண்டுமென்றே காய்ந்திருக்க வேண்டும் என்று என் கூட்டாளி திட்டம் போட்டிருந்தாள். மேடைக்குப் பின்னால் நனைந்த பஞ்சை என் கையில் வைத்து, "நீயே பிழிஞ்சி தா புள்ள, உனக்குத்தான் கைப்பழக்கம்" என்றாள். அந்தக் கிழமைகளில் அவள் என்னோடு சிரித்துக் கதைத்தது அதுதான் முதல் தடவை. பிழிந்து கொடுத்துவிட்டு, மூன்றாவது வரிசையில் இருந்து கை நோகக் கைதட்டினேன். கைதட்டும்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது எனக்கும் ஒரு வகுப்பு இருக்கிறது. மேசைக்கு அடியில் நான் எதையும் ஒளித்து வைப்பதில்லை, முளைக்காவிட்டால் முளைக்கவில்லை என்றே எழுதச் சொல்லுகிறேன். அவளுடைய வகுப்பைப் பற்றி யாராவது புகழ்ந்தால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று குத்தும். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். ஆனால் அப்படிக் குத்துகிற நேரமெல்லாம் என்னை அறியாமலே என் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுகிறேன், எங்காவது நீலம் ஒட்டியிருக்கிறதா என்று.