விற்ற கீபோர்டைத் தேடிப் போன கதை

கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பவன் நான். பழைய கீபோர்டைப் புளியறைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டுப் புதியது வாங்கினேன். பாட்டுக்குப் பாட்டு சேமித்த தாளமும் சுருதியும் பென்டிரைவில் பத்திரமாக இருந்தன. அதைப் புதியதில் செருகியதும் திரை ஏதோ கேட்டது. கண்ணாடி போடாமலே ‘யெஸ்’ அழுத்தினேன். பென்டிரைவ் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல ஆனது.

அன்று சாயங்காலமே குற்றாலத்தில் ரிசப்ஷன். எல்லாவற்றையும் மறுபடி செய்ய ஒரு வாரம் ஆகும். பழைய கீபோர்டில் இன்னும் இருக்கலாம் என்று தென்காசியிலிருந்து புளியறைக்குப் பைக்கில் பறந்தேன். வழியெல்லாம் கம்பெனிக்காரனைத் திட்டினேன். என்னை மட்டும் விட்டுவைத்தேன்.

“அண்ணாச்சி, உள்ள இருந்ததை அழிச்சிட்டியளா?” என்று வாசலிலேயே கத்தினேன்.

“எதுக்கு அழிக்கணும்? உங்க செட்டிங்குக்காகத்தான வாங்குனேன்!” என்றவர், என் பென்டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டே கேட்டார்: “பேரெல்லாம் நீங்க வச்சதா?”

அப்போதுதான் வியர்த்தது. எங்கள் குழுப் பாடகர்களின் சுருதிகளைப் பட்டப்பெயர் போட்டுத்தான் சேமித்திருந்தேன்.

“இந்த ‘எருமை முருகன்’ என் மச்சினன்லா!”

நான் பைக் சாவியைத் தேடினேன். அவரோ சிரித்தார். “அவன்ட்ட சொல்ல மாட்டேன், போங்க. நேரமாவுது.”

ரிசப்ஷனில் முருகன் பக்கத்தில் நிற்க, திரையைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வாசித்தேன். குற்ற உணர்ச்சியில் அவன் பாட்டை முதல்முறையாக ஒழுங்காகக் கேட்டேன். நன்றாகவே பாடுகிறான். இத்தனை வருடமாகப் பெயர் வைக்கிற மும்முரத்தில் நான்தான் கேட்கவில்லை.