இரண்டு இழுத்தால் மேலே

“உணர்ச்சியே இல்லாத காலுக்குச் செருப்பு எதுக்குல?” முத்தையாபுரம் பஸ்ஸில் பின்சீட்டில் யாரோ கேட்டார். என்னைப் போல வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்டுக்குப் பாதி வேலை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான். வாய் திறக்கக் கூசுகிறவர்களுக்கு அது என்ன பாடு என்று உங்களில் சிலருக்குத் தெரியும். நான் பேசாமல் இறங்கிவிட்டேன்.

மெத்தை

சேவியர் அண்ணன் கடலில் சங்கு குளித்தவர். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் தண்டுவடம் பழுதாகி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. சக்கர நாற்காலிக்கென்று கொடுத்த காற்று மெத்தை உறை பிரிக்காமல் பீரோ மேல் இருந்தது. அவர் நாற்காலியில் வெறும் பலகைமேல் உட்கார்ந்திருந்தார். மனைவி ரோஸ்மேரி அக்கா சொன்னார்: “ஜெனி கல்யாணத்தன்னைக்கு எடுக்கலாம்னு வச்சிருக்கேன், தங்கச்சி. இப்பவே போட்டா அழுக்காயிரும்லா?”

சிவப்பு

புரட்டிப் பார்த்தால் பின்புறத்தில் நாணயம் அகலத்துக்குச் சிவப்பு. அழுத்தியும் வெளுக்கவில்லை. தோல் உடைந்தால் புண் எலும்பு வரை போகும், மாதக்கணக்கில் குப்புறப் படுக்கணும், மகள் கல்யாணத்துக்குக் கோயிலுக்கு வர முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. சிவப்பு மறையும்வரை ஒருக்களித்துப் படுக்கணும். பிறகு மெத்தையில் உட்கார்ந்தாலும் கால் மணிக்கொரு தரம் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கணும். அவர் சிரித்தார். “வலிச்சாத்தானே தூக்கத் தோணும்? வலிக்கவே இல்லியே, பாப்பா.”

கயிறு

அடுத்த முறை போனபோது சிவப்பைக் காணோம். நாற்காலியில் மெத்தை. அவர் மணிக்கட்டில் ஒரு கயிறு. மறுமுனை அடுப்படி ஜன்னலுக்குள். அக்கா மீன் நறுக்கிக்கொண்டே அதை இரண்டு முறை இழுத்தார். அண்ணன் பேச்சை நிறுத்தி, கைகளை ஊன்றி எம்பினார். கடலில் வள்ளத்திலிருப்பவர் கயிற்றை இரண்டு இழுத்தால், கண்ணெதிரே எத்தனை பெரிய சங்கு கிடந்தாலும் குளிக்கிறவர் மேலே வந்துவிட வேண்டுமாம்.

எனக்கு யாரிடமாவது சொல்லியே ஆகணும் போலிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அண்ணன் சொன்னதையும் சேர்த்து: “கீழ கெடக்கவனுக்கு என்ன தெரியும்? மேல இருக்கவ இழுத்தா வரணும்.”

கோயில்

கல்யாணத்தன்று அண்ணன் கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டார். “ஊரே இருக்க எடத்துல எம்பிக்கிட்டு இருந்தா சிரிப்பாவ. இன்னைக்கு ஒருநாள் விட்டுருங்க.”

ஃபாதரின் பிரசங்கம் முடிகிற மாதிரி இல்லை. பெண்கள் பக்கம் அக்கா கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தையே பார்த்தேன். முன்வரிசையில் மணப்பெண் ஜெனி; பக்கத்தில் அப்பாவின் நாற்காலி. ஃபாதரைப் பார்த்தபடியே அவள் கையை நீட்டி, அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இரண்டு முறை இழுத்தாள்.

சேவியர் அண்ணன் கைகளை ஊன்றி எம்பினார்.