நாய் தெரிந்தால் முகமும் தெரியும்

"அந்த நாய் எங்கை?" என்று அம்மா கேட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

லப்டொப்பை வயரில் கொழுவி, ஹோலில் இருக்கும் டிவியில் ஒரு செத்தவீட்டு வீடியோவைப் போட்டிருந்தேன். நான் எடுத்ததுதான். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் சுருவில் கிராமத்தில் இருக்கிறேன். தீவுப்பகுதிக் கலியாணங்களையும் செத்தவீடுகளையும் வெளிநாட்டு உறவுகளுக்குப் படம்பிடித்து அனுப்புவதுதான் இப்போதைக்கு என் தொழில். இந்தச் செத்தவீடு எங்கள் ஒழுங்கையில் இருந்த கடற்றொழிலாளி ஒருவருடையது. ஒரே மகன் பிரான்சில். அகதி வழக்கு முடியாததால் அவரால் வர முடியவில்லை.

"பெட்டிக்குக் கீழை கறுத்த நாய் படுத்திருந்ததெல்லே? நான் கண்ணாலை கண்டனான். உன்ரை படிப்பு நாயையும் விழுங்கிப்போட்டுதோ?"

நாய் இருந்தது. என் அறையில் எடிட் செய்யும் மொனிற்றரில் அதன் காது, ஈரமூக்கு, விலா எலும்பு எல்லாம் தெரிந்திருந்தன. டிவியில் சவப்பெட்டிக்கடியில் ஒரு கறுப்புக் குழி மட்டுமே. சட்டென்று பெட்டிக்குள் கிடந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த முகம், கறுப்புக் கோட்டு, பந்தல் நிழல். மூன்றும் ஒன்றாய் அப்பிக் கிடந்தன.

"தங்கச்சி, அப்பான்ரை முகம் தெரியேல்லை" என்று அந்த மகன் சொன்னது இதைத்தான்!

மகனுடைய லப்டொப்பின் திரை உடைந்துபோனது. அதை வயரால் டிவியில் கொழுவித்தான் பார்க்கிறார். போனில் பார்த்தால் முகம் நகமளவு. பந்தலுக்குள் சனம் நிறைந்திருந்ததால் கமெராவைத் தூரத்தில்தான் வைக்க முடிந்தது. நான் வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி அனுப்பினேன். "அப்பாவுக்குச் சாம்பல் பூசினமாதிரிக் கிடக்கு. அவர் இப்பிடி இல்லை, தங்கச்சி." இன்னும் கூட்டி அனுப்பினேன். அதற்குப் பதிலே வரவில்லை. வருகிற ஞாயிறு முப்பத்தோராம் நாள் செபம். கூட இருக்கும் பெடியள் அவருடைய அறையில் கூடுகிறார்கள். அதற்கு முன் அப்பாவின் முகத்தை ஒருதரம் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. அப்பாவோ மண்ணுக்குள். இனி மறுபடி எடுக்க ஒன்றுமில்லை.

வீடியோவில் பிழை இல்லை என்பது அன்றைக்கே விளங்கிவிட்டது. படத்தின் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் ஓர் எண்: கணினிக்குக் கறுப்பு பூச்சியத்தில் தொடங்குகிறது, டிவிக்குப் பதினாறில். கணினி தன் முழு வீச்சில் அனுப்ப, குறுகிய வீச்சை எதிர்பார்க்கும் டிவி பதினாறுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரே கறுப்பாக்கி விடுகிறது. நாயின் காதும் மனிதரின் கன்னமும் அந்த இடத்தில்தான் கிடந்தன. லப்டொப்பைக் குறுகிய வீச்சுக்கு மாற்றினேன். நாய் எழும்பி வந்தது! "ஆ, இந்தா கிடக்கு" என்றார் அம்மா. எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. இன்னும் நன்றாக வரும் என்று டிவியையும் முழு வீச்சுக்கு மாற்ற, படம் முழுக்கப் பனிப்புகார் மூடியது. இரண்டு பக்கமும் ஒன்றையே பேச வேண்டும். ஒரு பக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். சரி, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிரான்சிலிருக்கும் அந்த அண்ணைக்கு உணவகக் குசினியில் வேலை. மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில்தான் போன் எடுப்பார். லப்டொப், டிவி இரண்டின் மெனுவும் பிரெஞ்சில்.

"எனக்கு இந்தப் பாஷையிலை வெங்காயம், கோப்பை, கெதியா, இவ்வளவுந்தான் தெரியும். இதிலை என்னத்தை அமத்த?"

"எழுத்தெழுத்தா வாசியுங்கோ அண்ணை."

அவர் வாசிக்க, நான் தேட, லைன் அறுந்து அறுந்து வர, ஒருபடியாக லப்டொப்பில் மாற்றிவிட்டோம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெடியன் டிவியிலும் எதையோ அமத்தியிருக்கிறான்.

"தங்கச்சி, இப்ப எல்லாம் புகை."

"அண்ணை, டிவியைத் தொடாதேங்கோ! அதைப் பழையபடி…"

"எது பழையபடி? அவனுக்கும் தெரியாதாம். விடும். நீர் பாவம். எனக்குக் குடுத்துவைச்சது அவ்வளவுதான். இனி நான் அதைப் போட்டுப் பாக்கேல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் என் மொனிற்றரில் இருக்கிறது: தாடையில் நரைத்த தாடிமுள், மூக்கோரம் உப்புக்காற்று அரித்த கோடு. இதை நான் பார்க்கிறேன், யாரோ ஒருத்தி! பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அண்ணை, பெட்டிக்குக் கீழை நாய் படுத்திருந்தது. அதாவது தெரிஞ்சதோ?"

"எந்த நாய்? எங்கடை வீட்டிலை நாய் இல்லையே."

"பிறகு வந்தது. எந்த நேரமும் அவரோடைதான். கரைக்குப் போனாலும் பின்னாலை போகும்."

"அப்பா நாய் வளத்தவரோ?" குரல் மாறியிருந்தது. "நாயெண்டாலே கல்லெடுக்கிற மனிசன்."

"நாளைக்கு எடுக்கிறன்" என்றார்.

அந்த இரவே பெட்டிக்கடியை மட்டும் வெட்டி ஒரு தனிப் படமாக்கி அனுப்பினேன். என் லப்டொப்பைப் பிரெஞ்சுக்கு மாற்றி, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, அமத்த வேண்டிய இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். நாளைக்கு டிவியை யாரும் தொடக் கூடாது. எல்லாம் புகை என்றால் அது இப்போது முழு வீச்சில்தான் நிற்கிறதாக்கும். லப்டொப்பை மட்டும் பழைய முழு வீச்சுக்குத் திருப்பச் சொல்லப் போகிறேன். முகத்தைப் பற்றிக் கேட்கமாட்டேன். நாயின் காது தெரிகிறதா, அதற்குப் பின்னால் இருக்கும் இருட்டு இருட்டாகவே இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன். இரண்டுக்கும் அவர் ஓம் என்றால், பிறகு நான் முதலில் அனுப்பிய வீடியோவைப் போடச் சொல்வேன்.