மாஸ்டர் அக்காவின் நாக்கு

பழைய டயர் கிடங்கில் நடக்கும் அந்த பேக்கரிக்குப் பெயர்ப்பலகை உண்டு, படிக்கத்தான் ஆளில்லை. தெருவுக்கு அது ‘பொது அடுப்பு’. முன்பக்கம் ரொட்டி விற்கிற காசில் பின்பக்கம் பயிற்சி நடக்கிறது. வேலை போனவர்களும், வேலையே பார்த்திராதவர்களும் வந்து தொழில் கற்கலாம். கற்று முடித்தவர்களையும் கைகழுவி விடுவதில்லை. சொந்தக் கடை போடும்வரை குறைந்த வாடகைக்கு அதே அடுப்பில் சுட்டுக்கொள்ளலாம். லாபத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முதலாளி என்று ஒருவரும் கிடையாது. இப்படியும் ஒரு வியாபாரமா என்று சிரித்தவர்கள் இன்று அங்கேதான் பன் வாங்குகிறார்கள்.

மாஸ்டர் அக்கா முதலில் அங்கே வந்தது தட்டு கழுவ. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன வருஷம் அது. கழுவிக்கொண்டே பார்த்துப் பார்த்துக் கற்று, இன்று எல்லாருக்கும் கற்றுக்கொடுப்பவள் அவள்தான். எது வெந்து வந்தாலும் அவள் ஒரு துண்டு தின்னாமல் வாசலைத் தாண்டாது. “உப்பு கம்மி”, “வெண்ணெய் பழசு” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், பிசகவே பிசகாது. வாங்க வருகிறவர்களும், “மாஸ்டர் அக்கா பார்த்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குவார்கள்.

அப்பேர்ப்பட்ட நாக்கு ஒரு காய்ச்சலோடு போயிற்று. காய்ச்சல் இறங்கியது, ருசியும் வாசனையும் திரும்பவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர், அதற்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு வேறு!

வெளியே சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. ருசி தெரியாத மாஸ்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? மறுபடி தட்டு கழுவும் தொட்டிதான் கதி. அதனால் யாராவது துண்டை நீட்டினால், “என்னை எதுக்குக் கேக்கறே? நீயே தின்னு பார்த்துச் சொல்லு” என்று முகத்தைக் கடுகடுவென வைத்துக்கொண்டு நழுவினாள். வேடிக்கை என்னவென்றால், முதலில் திருதிருவென விழித்தவர்கள் போகப்போக உண்மையிலேயே சொல்ல ஆரம்பித்தார்கள். நிர்வாகம் பார்க்கும் செயலாளர் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. இது புதிய பயிற்சி முறை என்று நினைத்து வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்து காட்டினாள். அக்கா ஒரு அசட்டுச் சிரிப்பு சிரித்து வைத்தாள்.

அங்கே கற்றவர்களில் மூத்தவர் டிரைவர் அண்ணன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், கால் நொண்டியானதும் வண்டிக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அக்காவைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் “மாஸ்டரம்மா” என்றுதான் கூப்பிடுவார். மருத்துவமனை கேன்டீனுக்கு பன் போடும் வேலை அவருக்குக் கிடைத்தது. அவருடைய சொந்தத் தொழிலுக்கு முதல் ஆர்டர். நோயாளிகள் சாப்பிடுவது, ஒருநாள் சொதப்பினாலும் மறுநாள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் நாள் காலை பன் வெந்து வந்ததும் அண்ணன் ஒன்றைப் பிய்த்து நீட்டினார்.

“இன்னைக்கு மட்டும் நீங்க சொல்லிடுங்க மாஸ்டரம்மா. எனக்கு ஒரே பயமா இருக்கு.”

நழுவ வழியில்லை. வாயில் போட்டு மென்றாள். பஞ்சை மெல்வதுபோல இருந்தது. “பிரமாதம்ணே!” என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. பெட்டியில் அடுக்கிக்கொண்டே பசிக்கு ஒரு பன்னைக் கடித்தவர், அப்படியே நின்றுவிட்டார். இன்னொன்றை எடுத்துக் கடித்தார். பிறகு விந்தி விந்தி அவள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

“மாஸ்டரம்மா, இதுல உப்பே இல்ல. பயத்துல போட மறந்திருக்கேன். நீங்க எப்படி...?”

அக்கா இல்லாத தூசியைத் துடைத்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

“எத்தனை நாளா?”

“காய்ச்சல்லேர்ந்துண்ணே.”

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட அவருக்கு நியாயமும் இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “வண்டி வர்றதுக்குள்ள இன்னொரு ஈடு போட்டுடலாம். மாவு பிசைய நாக்கு எதுக்கு? வாங்க.”

இருவரும் பேய் மாதிரி வேலை பார்த்தார்கள். உப்பை அண்ணனே போட்டார், இரண்டு முறை சத்தமாகச் சொல்லிக்கொண்டு. வெந்து வந்ததும் அவரே தின்று பார்த்துத் தலையாட்டினார். வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. “நான் மூச்சு விடமாட்டேன்” என்றார் அவளிடம்.

கேன்டீன்காரர் உள்ளே வந்ததும் எல்லாரையும் போலக் கேட்டார். “மாஸ்டர் அக்கா பார்த்தாச்சா?”

ஆமாம் என்று தலையசைத்திருந்தால் போதும். இருபது வருஷமாக அந்தச் சொல்லுக்கு இருந்த மதிப்பு அவளை விடவில்லை.

“நான் பார்க்கலீங்க. எனக்கு இப்ப ருசியே தெரியறதில்ல. காய்ச்சலோட போயிடுச்சு, சொல்லாம மறைச்சுட்டேன்.” கிடங்கு முழுக்கக் கேட்டது அவள் குரல். “அண்ணன் பார்த்திருக்காரு. அவரு சரின்னா சரி.”

ஆளாளுக்குக் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். கேன்டீன்காரர் அண்ணனைப் பார்த்தார்.

“சரியா இருக்கு. ஏத்துங்க” என்றார் அண்ணன். குரலில் நடுக்கம் இல்லை.

பெட்டிகள் போயின. அக்கா ஏப்ரனைக் கழற்ற முடிச்சில் கை வைத்தாள். அதற்குள் பிஸ்கட் போடுகிற பெண் மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ருசிக்கு இனிமே அண்ணன்கிட்ட போறோம்க்கா. இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன், ஒட்டிக்கிட்டே இருக்கு.”

அக்கா கையை மாவுக்குள் விட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

“தண்ணி அதிகம்டி” என்றாள்.