பூபதி போட்ட முதல் லீவு

என் வீட்டுக்காரர் பூபதியைப் பற்றி அவர் கம்பெனியில் விசாரித்தால் தங்கமான மனிதர் என்பார்கள். பின்னே, பதினேழு வருடமாக ஒருநாள்கூட லீவு போடாத ஆளைத் தங்கம் என்று சொல்லாமல் தகரம் என்றா சொல்வார்கள்? ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்கிற கம்பெனி அது. முழு வருகைக்கு வருடா வருடம் பரிசு கொடுப்பார்கள். இதுவரை எங்கள் வீட்டில் சேர்ந்திருப்பது ஆறு சுவர்க்கடிகாரம், எட்டு ஹாட்பாக்ஸ், மூன்று ஃபிளாஸ்க். ஹாட்பாக்ஸில் போட்ட சப்பாத்தி சூடாகத்தான் இருக்கும். அதைச் சாப்பிட வேண்டியவர்தான் கம்பெனியில் இருப்பார்.

நான் ஜோதிமணி. துறையூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி இங்கே வந்தவள். எங்களுக்கு ஒரே பெண், லாவண்யா. அவள் பிறந்த வருடம்தான் இவர் இந்தக் கம்பெனியில் சேர்ந்தார். எனக்கு வலி எடுத்தபோது ஐயா இரண்டாவது ஷிஃப்டில் இருந்தார். ஷிஃப்ட் முடிந்து, கை கழுவி, பஞ்ச் வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்த பெஞ்சிலேயே தூங்கிப் போனார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அப்பா என்றாலே தூக்கம்தான். மூன்றாவது ஷிஃப்டுக்கு ஆள் கிடைக்காதபோதெல்லாம் கையைத் தூக்குகிற மகராசன் இவர். காலை ஏழரைக்கு வந்து படுத்தால் மத்தியானம் வரை வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்க வேண்டும். காலிங் பெல்லுக்கு டேப் ஒட்டியிருப்பேன். குக்கர் விசில் வரக்கூடாது என்று பருப்பைப் பாத்திரத்தில் வேகவைத்தே பாதி ஆயுள் போனது. குழந்தை பேசக் கற்றுக்கொண்டதே குசுகுசுவென்றுதான். ஊரில் என் அம்மா, பிள்ளைக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டாள்.

லாவண்யா மூன்றாவது படிக்கும்போது பள்ளியில் 'என் தந்தை' என்று பத்து வரி எழுதச் சொன்னார்கள். இவள் நான்கு வரியில் முடித்துவிட்டாள். 'என் தந்தை நல்லவர். அவர் தூங்குவார். எழுந்தால் கம்பெனிக்குப் போவார். பிறகு வந்து தூங்குவார்.' டீச்சர் என்னை வரச்சொல்லி, சுற்றி வளைத்து, வீட்டுக்காரர் குடிப்பாரா என்று கேட்டார்.

"இல்லீங்க டீச்சர், மூணாவது ஷிஃப்ட்" என்றேன்.

கோடை விடுமுறைக்கு நானும் மகளும் துறையூர் போய்விடுவோம். விடுமுறை முடியும்போது எங்களைக் கூட்டிவர இவர் வருவார். வாராந்திர ஓய்வு நாளில் விடியற்காலை வந்து இறங்கி, அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் மாமியார் வீட்டு விருந்தாளி என்ன செய்வார்? அதேதான். எங்கள் குடும்பப் போட்டோக்களைப் பாருங்கள். என் தம்பி நிச்சயதார்த்தத்தில் எல்லோரும் சிரிக்கிறோம், பின்னால் ஒருவர் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அதிசயமாக ஒருமுறை கெலவரப்பள்ளி அணைக்குக் கூட்டிப்போனார். புளியோதரை சாப்பிட்டதும் மரத்தடியில் துண்டை விரித்தார். நானும் மகளும் மூன்று மணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இந்த வருடம் லாவண்யா பிளஸ் டூ முடித்தாள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சைகாலஜி படிக்க இடம் கிடைத்தது. ஜூன் பதினைந்து, திங்கள்கிழமை, பகல் பதினோரு மணிக்குள் விடுதியில் சேர வேண்டும், துணைக்கு ஒருவர் மட்டும் வரலாம் என்று கடிதம் வந்தது. அதைப் படித்ததும் இவர் சொன்னதைக் கேட்டு நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"நான் கொண்டுபோய் விடறேன். லீவு எழுதிக் குடுத்துடறேன்."

எழுதியும் கொடுத்தார். கம்பெனியில் மேனேஜர் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தாராம். பதினெட்டாவது பரிசு போய்விடுமே என்று பக்கத்து மெஷின் சுபாஷ் வருத்தப்பட்டானாம். இவர் கேட்கவில்லை. புதுச் சட்டை ஒன்று வாங்கி, இஸ்திரி போட்டு, பீரோவில் தொங்கவிட்டார்.

மகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பக்கத்தில் இருக்கிறார் என்றும் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்.

"நீ வாம்மா. அப்பா வந்து என்ன பண்ணப்போறாரு? பஸ் ஏறுனதும் தூங்கிடுவாரு. எறங்க வேண்டிய எடத்துல நான்தான் எழுப்பணும். யாரு யாரக் கொண்டுபோய் விடறது?"

"தூங்க மாட்டேன்மா" என்றார் இவர்.

அவளைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அவர் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. மகள் வீட்டைவிட்டுப் போகிற அந்த ஒருநாளாவது அப்பா கூட வந்தார் என்று அவளுக்கு நினைவில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. சரி, போகட்டும் என்று மகளைச் சமாதானப்படுத்தினேன். ஞாயிறு இரவு பன்னிரண்டே காலுக்கு ஸ்லீப்பர் பஸ். டிக்கெட்டையும் அவரே போனில் போட்டார். அங்கேதான் வந்தது வினை.

ஞாயிறு காலை வழக்கம்போல ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தார். நான் விடுதிக்குக் கொண்டுபோகிற மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் போன் ஒளிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் நள்ளிரவில் ஒரே நம்பரிலிருந்து நான்கு மிஸ்டு கால். கம்பெனிக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது, லாக்கரில் வைத்துவிடுவார்கள். கூடவே பஸ்காரன் அனுப்பிய செய்தி. உங்கள் பயணம் இனிதாக அமைந்ததா, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்டிருந்தான்.

எழுப்பிக் கேட்டேன். டிக்கெட்டைக் காட்டினார். தேதி பதினான்கு, நேரம் பன்னிரண்டே கால். எனக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆனது. நமக்கெல்லாம் நள்ளிரவு தாண்டினால் தேதி மாறும். மூன்றாவது ஷிஃப்ட்காரருக்கு மாறாது. ஞாயிறு இரவு உள்ளே போனால், திங்கள் காலை ஏழு மணிக்கு வெளியே வரும் வரை கம்பெனி ரிஜிஸ்டரில் அது ஞாயிறுதான். அதே பழக்கத்தில், ஞாயிறு இரவு பஸ்தானே என்று ஞாயிறு தேதியைப் போட்டிருக்கிறார். அந்த ஞாயிறு சனிக்கிழமை நள்ளிரவே பிறந்து, பன்னிரண்டே கால் பஸ்ஸும் போய்விட்டது. பஸ்காரன் ஓசூர் பாலத்தடியில் நின்று கூப்பிட்ட நேரத்தில் இவர் பல்சக்கரம் கடைந்துகொண்டிருந்தார்.

லாவண்யா ஒன்றும் கத்தவில்லை. "சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

முகூர்த்த நாள், விடுமுறை முடிந்து திரும்புகிற கூட்டம் வேறு. ரயிலிலும் இடமில்லை, எந்த பஸ்ஸிலும் இடமில்லை. பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஜன்னல் வழியாகக் குழந்தைகளை உள்ளே தள்ளுகிறார்களாம். மெத்தை, வாளி, இரண்டு பெட்டியோடு அந்தக் கூட்டத்தில் ஏற முடியாது. மத்தியானம் எங்கள் வீட்டு ஓனர் திம்மராயன் மாம்பழம் கொடுக்க மேலே வந்தார். அவர் பெண்ணைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். வருடா வருடம் சம்பந்தி வீட்டுக்குத் தன் தோட்டத்து மாம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நாளை விடியற்காலை காரில் போவதாகச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். கன்னடம் கலந்த பேச்சு அவருக்கு.

"ஆய்த்து, அதுக்கு ஏம்மா இவ்ளோ யோசன? உங்காளுங்க ரெண்டு பேரு வாங்க. மூணாவது எடத்துல மாம்பழம் ஒக்காந்துக்கும். நாலு மணிக்கெல்லாம் கெளம்பிடணும், உத்தனப்பள்ளித் தோட்டத்துல பொட்டி ஏத்தணும். சானமாவுக் காட்டுல யான ரோட்டுல நின்னுச்சுன்னா அது வேற லேட்டு."

அவர் இறங்கிப் போனதும் லாவண்யா எழுந்தாள்.

"அப்ப அம்மா வரட்டும். அப்பா டிக்கெட் போட்ட லட்சணந்தான் தெரிஞ்சிபோச்சே."

"ஆமா, அம்மாவே போவட்டும்" என்றார் அவர். "நான் லீவக் கேன்சல் பண்ணிட்டு ஷிஃப்டுக்குப் போயிடறேன்."

பீரோவைத் திறந்து அந்தப் புதுச் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். கோபமாக மடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவர் பொறுமையாக, காலரை நிமிர்த்தி, அட்டையை உள்ளே வைத்து மடித்தார்.

"என்னால முடியாது" என்றேன். "மாம்பழ வாசனையோட கார்ல போனா எனக்கு வாந்தி வரும்."

"இது எப்பலேர்ந்து? நேத்து நாலு பழம் தின்னியே" என்றாள் மகள்.

"நேத்து நான் கார்ல ஏறல."

எனக்குப் போக ஆசை இல்லையா? பதினேழு வருடம் ஒற்றை ஆளாக வளர்த்தவள் நான். அவள் படுக்கப்போகிற கட்டிலை, குளியலறைத் தாழ்ப்பாளை, தண்ணீர் எப்படி வருகிறது என்பதையெல்லாம் என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். விடியற்காலை அப்பாவும் மகளும் ஏறிய கார் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து, சமையலறையில் நின்று நன்றாக அழுதுவிட்டு, வாயில் வந்தபடி அவரைத் திட்டினேன். அன்று வீட்டில் சத்தம் போட எந்தத் தடையும் இல்லை.

திங்கள் பத்தரைக்கு லாவண்யா கூப்பிட்டாள். போய்ச் சேர்ந்துவிட்டார்களாம்.

"அப்பா தூங்கினாரா?"

"இல்லம்மா. ரோட்டயே பாத்துட்டு வந்தாரு. பேசவும் இல்ல." பிறகு எரிச்சலாகச் சொன்னாள். "லேடீஸ் ஹாஸ்டல்ல ஜென்ட்ஸ் கேட்டத் தாண்டக் கூடாதாம். நீ வந்திருந்தா ரூம் வரைக்கும் வந்திருக்கலாம். இப்ப மூணு மாடி நானே தூக்கிட்டுப் போகணும்."

நான்கு நடை நடந்தாளாம். ஒவ்வொரு நடைக்கும் இவர் கேட்டில் நின்று ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கொடுத்தாராம். கம்பெனியில் அப்படித்தான் மெஷினுக்கு மெஷின் சாமான் கைமாற்றுவார்கள்.

ஒரு மணிக்கு மறுபடியும் போன்.

"அம்மா, அப்பா இன்னும் கேட்டுலயே நிக்கிறாரு. ரூம் ஜன்னல்லேர்ந்து நல்லாத் தெரியுது. மத்தவங்ககூட வந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. வெயில்ல நின்னுட்டு மாடியவே பாக்கறாரேன்னு ரூம்ல பொண்ணுங்க சிரிக்கிறாங்க. அசிங்கமா இருக்கு, போவச் சொல்லும்மா."

அவரைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, அங்க என்ன பண்றீங்க?"

"சும்மா நிக்கிறேன்."

"எதுக்கு?"

"லீவு முழுநாளுக்குப் போட்டிருக்கேன் ஜோதி" என்றார்.

காவலுக்கு ஆள் கேட்டார்களா, வெயிலில் மயங்கி விழுந்தால் அதற்கும் அவள்தான் மூன்று மாடி இறங்கி வர வேண்டுமா, பிள்ளைக்கு அவமானமாக இருக்கிறதாம், பேசாமல் பஸ் ஏறி வந்து சேருங்கள் என்று பொரிந்து தள்ளினேன். "சரி" என்று வைத்துவிட்டார்.

நாலு மணிக்கு மூன்றாவது முறையாக மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா எங்க? காணோமே."

"நீதானடி போவச் சொல்லச் சொன்ன. சொல்லிட்டேன், கெளம்பியிருப்பாரு."

"நான் சொன்னா நீ ஒடனே சொல்லிடறதா?" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. போனை வைக்கும்முன், "சாப்பிட்டாரான்னாவது கேளும்மா" என்றாள்.

அவருக்குப் போட்டேன். பஸ் இரைச்சல் கேட்கும் என்று நினைத்தேன். டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"எதுத்தாப்ல டீக்கடையில" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள தள்ளி, தூணுக்குப் பின்னால உக்காந்திருக்கேன். அவ ஜன்னல்லேர்ந்து பாத்தாத் தெரியாது. அஞ்சு மணிக்குப் பொண்ணுங்க கீழ வருவாங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. ஒருவாட்டி பாத்துட்டுக் கெளம்பிடறேன். அவகிட்ட சொல்லிடாத."

பதினேழு வருடத்தில் இந்த மனிதரைத் திட்ட எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. அன்று அழுகைதான் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"ஒளிஞ்சி உக்காந்தது போதும்" என்றேன். "எழுந்து வெளிய போயி, அவ கண்ணுக்குத் தெரியற மாதிரி நில்லுங்க."