தொப்பிக்குக் கீழிருந்து வந்த வெயில்

என் கன்னத்தில் லேசர் அடித்தவர்கள், நான் என்ன தொழில் செய்கிறேன் என்று கேட்கவில்லை. எனக்கு நடந்த அநியாயம் அதுதான். கேட்டிருந்தால் சென்ற செவ்வாய்க்கிழமை மட்டக்களப்பு நகருக்கு வீணாக அலைந்திருக்க மாட்டேன். இதே சிகிச்சைக்குப் போக எண்ணுபவர்கள் வாசியுங்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன் உழவு இயந்திரத்தின் ரேடியேட்டர் மூடியைச் சூடு ஆறுமுன் திறந்தேன். இடக்கன்னம் வெந்தது. தழும்பு இறுகி வாயோரத்தை இழுத்துப் பிடித்ததால் சாப்பிடும்போது சோறு சிந்தும். மனைவி இருந்தவரை துடைத்துவிடுவாள். அவள் போனபின் பந்தியில் உட்காருவதையே விட்டுவிட்டேன். வருகிற மாதம் அக்காவின் பேத்திக்குக் கலியாணம். அதற்குள் இரண்டாம் முறை லேசர் அடித்துக்கொள்ளவே புறப்பட்டேன்.

தேற்றாத்தீவில் காலை 6.40க்குப் பஸ். ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், நூற்றுப்பத்து ரூபா. இடப்பக்க ஜன்னலோரம் இருங்கள். காலை வெயில் வலப்பக்கம்தான் விழும். ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள். என் பக்கத்து இருக்கை மட்டும் காத்தான்குடி வரை காலியாகவே இருந்தது.

பஸ் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு ஓட்டோ இருநூற்றைம்பது ரூபா. ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்தார்.

"என்ன ஐயா, கன்னத்தில கரி பூசினாப்போல?"

"லேசர் அடிச்ச மகனே."

"இந்த வயசிலயா? கலியாணம் கிலியாணம் ஏதும் செய்யப் போறிங்களோ?"

"ஓம். பொம்பிள பாத்து வெய்."

அன்று நான் பேசிச் சிரித்தது அவரோடு மட்டும்தான்.

அந்தத் தனியார் சிகிச்சை நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அங்கிருந்த இளவயது டொக்டர் பிள்ளை கன்னத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"வெயிலுக்குப் போகாதிங்க எண்டு சொன்னம்தானே ஐயா?"

"தொப்பி போட்டுத்தான் போனநான். வாவித் தண்ணிக்கும் தொப்பி போடச் சொன்னிங்களா?"

முதல் லேசர் அடித்த பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்ததும் புண் ஆறிவிட்டதென்று என் தொழிலுக்கு, தோணியில் வலை போடப் போனேன். வாவியில் வெயில் கீழிருந்தும் அடிக்கும். தண்ணீரில் பட்ட ஒளி தொப்பிக்குள் ஏறிப் புதுத் தோலைக் கறுக்க வைத்துவிட்டது.

பள்ளியில் படிக்காததை நானாகத் தேடி வாசித்தேன். லேசர் தோலில் ஊசிமுனை அளவில் சுட்டுத் துளைகள் போடுகிறது. இடையிலுள்ள நல்ல தோலிலிருந்து மேற்பரப்பு சில நாளில் மூடிவிடும். அடியிலோ, இறுகிய பழைய கொலாஜன் நார்கள் கரைந்து, புதியவை ஒழுங்காகப் பின்னப்படுவதற்கு மாதக்கணக்காகும். மேலே மூடியதை ஆறியதென்று எடுத்துக்கொண்டேன். நம் கறுத்த தோல் சூடுபட்டால் சுலபமாக மேலும் கறுக்கும்.

கறுப்பு மங்கும்வரை லேசர் இல்லை, சில மாதங்கள் ஆகலாம் என்றார் டொக்டர். நான் எழுந்தேன்.

"இரிங்க ஐயா. வாயத் திறந்து விரல வெச்சுப் பாருங்க."

முன்பு இரண்டு விரல்தான் போகும். மூன்று போனது.

"உள்ளுக்க வேல நடக்குது," என்றார்.

இனிச் செய்ய வேண்டியவை. சிகிச்சை நிலையத்தார், ஒவ்வொருவரிடமும் தொழிலைக் கேட்டு, எத்தனை மாதம் எந்த வெளிச்சத்துக்கு ஒதுங்க வேண்டுமென்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாவியிலும் வயலிலும் நிற்பவர்கள், வேலை ஓய்ந்த காலத்தில் சிகிச்சையை வைத்துக்கொண்டு, டொக்டர் தரும் வெயில் கிறீமைத் தவறாமல் பூச வேண்டும். நான் கறுத்த கன்னத்தோடு கலியாணத்துக்குப் போக வேண்டும். அக்கா வீட்டார் என்னைப் பந்தியின் நடுவில் உட்காரவைக்க வேண்டும்.